ரீப்ளேயில் ரேஸ் பார்க்க எது நல்லது? எஃப்1 டிவி, மோட்டோஜிபி வீடியோபாஸ், யூடியூப்: ஒரு விமர்சனம்

ஃபார்முலா 1 (சுருக்கமாக எஃப்1) கார் பந்தயத்தின் மயாமி கிராண்ட் பிரீ நம்மூர் கடிகாரத்தில் திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரைக்குத் தொடங்குகிறது. மெக்சிகோவும் அப்படியே. ஆஸ்டின், கனடா, பிரேசில் எல்லாம் இரவு பத்தரைக்கு மேல்தான். ஐரோப்பிய ரேஸ்கள் பெரும்பாலும் ஞாயிறு மாலை ஆறரை மணி. வீட்டுக்கு விருந்தாளி வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். எப்படிப் பார்த்தாலும் சீசனில் சில ரேஸ்கள் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். ஆனால் ஸ்ட்ரீமிங் சேவைகளைப் பற்றி எழுதுபவர்கள் லைவ் எப்படி ஓடுகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ரீப்ளேக்காகப் பணம் கட்டுபவர் பார்க்க வேண்டியவை வேறு.

மூன்று கேள்விகள் போதும். ஆப்பைத் திறந்ததிலிருந்து ப்ளே பட்டனைத் தொடும்வரை ஜெயித்தவர் முகம் கண்ணில் படாமல் போக முடியுமா? முழு ரேஸும் வெட்டாமல் கிடைக்கிறதா, எவ்வளவு சீக்கிரம்? லைவில் இருந்த கேமராக்களும் ஆடியோவும் ரீப்ளேயிலும் இருக்கின்றனவா? முதல் கேள்விக்கே பாதி மதிப்பெண். படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முடிவு தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் பழைய சோறு.

எஃப்1 டிவி ப்ரோ

2018-இல் தொடங்கிய இந்தச் சேவை இந்தியாவுக்கு 2023-இல்தான் வந்தது. 2024 முதல் ஃபேன்கோட் என்ற இந்திய ஸ்ட்ரீமிங் சேவையிலும் எஃப்1 வருகிறது. ரேஸை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஃபேன்கோட் போதும். ரேஸைக் குடைந்து பார்க்கிறவருக்கு எஃப்1 டிவிதான். விலை சீசனுக்கு சீசன் மாறுவதால் இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் திட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். ஆக்சஸ் என்ற மலிவான திட்டத்தில் லைவ் கிடையாது, ரீப்ளே எப்போது திறக்கும் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. "நமக்குத்தான் லைவ் வேண்டாமே" என்று அவசரப்பட்டு அதை வாங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ரீப்ளேக்கென்றே பார்ப்பவரும் ப்ரோதான் வாங்க வேண்டும். 4கே உள்ள பிரீமியம் 2025-இல் வந்தது. 55 அங்குலத்துக்கு மேல் டிவி இருந்தால் யோசிக்கலாம். லேப்டாப்பில் பார்ப்பவருக்கு அந்தப் பணம் வீண்.

வாசல் எப்படி, அதாவது முடிவு கண்ணில் படாமல் உள்ளே போக முடியுமா? சுமார்தான். ரேஸ் முடிந்த கொஞ்ச நேரத்தில் ஹைலைட்ஸ், பேட்டி, அலசல் என்று வரிசை வரிசையாக ஏறிவிடும். தலைப்பில் பெயர் இல்லாவிட்டாலும் சிறுபடத்தில் யார் முகத்தில் ஷாம்பெயின் வழிகிறது என்பது போதாதா? அதனால் முகப்பு வழியாகப் போகவே கூடாது. கணினியில் பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமையே அந்த வார இறுதிக்கான பக்கத்தைத் திறந்து புக்மார்க் செய்துவைக்க வேண்டும். ஞாயிறு இரவோ திங்கள் காலையோ நேராக அந்த முகவரிக்குப் போய், பிரவுசரின் ஜூமை 300 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு மெல்லக் கீழே இறங்கினால் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் தெரியும். ரேஸ் என்ற பெட்டி வந்ததும் தட்டவேண்டியதுதான். டிவி ஆப்பில் இந்த வசதி இல்லை. ரேஸ் பார்க்காத ஒருவர் வீட்டில் இருந்தால் ரிமோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது நல்லது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இதைவிட உறுதியான வழி இல்லை.

உள்ளே நுழைந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது: வீடியோவின் மொத்த நீளம். சாதாரண ரேஸ் 1 மணி 20 நிமிடத்திலிருந்து 1 மணி 45 நிமிடத்துக்குள் முடியும். இத்தாலியின் மான்சா 1 மணி 15 நிமிடத்தைச் சுற்றி. ரேஸ் ஓட்டம் 2 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, இடையில் நிறுத்தினால் அதையும் சேர்த்து 3 மணி நேரம் என்பது விதி. ஆகவே கீழே உள்ள கோட்டில் 3 மணி என்று தெரிந்தால் எங்கோ ரெட் ஃபிளாக் (ரேஸை நிறுத்தும் சிவப்புக் கொடி) காத்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் 8 லேப் (சுற்று) பாக்கி, கோட்டிலோ ஒரு மணி நேரம் மிச்சம் என்றால் அப்புறம் என்ன சுவாரசியம்? தேவையில்லாமல் ரிமோட்டைத் தொடாதீர்கள். தொட்டால்தான் கோடு வரும். கணினியில் திரையின் அடிப்பகுதியில் ஒரு விரலகலத்துக்குக் காகிதம் ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் குறைகளையெல்லாம் தாண்டி எஃப்1 டிவியை ஏன் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது என்றால், அதன் ரீப்ளேயில் லைவில் இருந்த எல்லாமே அப்படியே இருப்பதால்தான். எல்லா ஓட்டுநர்களின் காரிலேயே பொருத்திய ஆன்போர்டு கேமரா (2025 வரை 20, 2026-இல் கேடிலாக் அணி சேர்ந்ததும் 22), கார்கள் தடத்தில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் டிராக்கர், நேரப் பட்டியல். வர்ணனையே இல்லாமல் இன்ஜின் சத்தம் மட்டும் வரும் ஒலித்தடமும் உண்டு. ஒரு ரேஸை இரண்டாம் தடவை பார்க்கும்போது அதைப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் எங்கே ஆக்சிலரேட்டரை விடுகிறார் என்பது வர்ணனையாளர் பேசாதபோதுதான் காதில் விழுகிறது.

முதன்மை ஒளிபரப்பில் வரும் டீம் ரேடியோ, அதாவது ஓட்டுநரும் அணியும் பேசிக்கொள்வது, அந்த நொடியில் பேசியது இல்லை. யாரோ ஒருவர் கேட்டு, தேர்ந்தெடுத்து, வெட்டி, பிறகு ஒலிபரப்புகிறார்கள். லைவ் பார்ப்பவருக்கு இந்தத் துண்டுகள்தான் கதை. ஆன்போர்டு சேனலில் அந்த ஓட்டுநரின் ரேடியோ தொடர்ச்சியாக வரும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க 2024 ஹங்கேரியை எடுத்துக்கொள்ளலாம். (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். ரீப்ளே பற்றி எழுதிவிட்டு முடிவை உடைத்த பாவம் வேண்டாம்.)

அன்று முன்னால் ஓடியவர் பியாஸ்ட்ரி, பின்னால் அதே மெக்லாரன் அணியின் நாரிஸ். எதிரணியின் ஹாமில்டனிடமிருந்து இடத்தைக் காப்பாற்ற நாரிஸை 45-வது லேப்பிலேயே டயர் மாற்ற பிட்டுக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பியாஸ்ட்ரி வந்தது 47-இல். புது டயரில் ஓடிய அந்த இரண்டு லேப்பில் நாரிஸ் முன்னே போய்விட்டார். பிறகு இடத்தைத் திருப்பிக் கொடு என்று இன்ஜினியர் கெஞ்சத் தொடங்கி, நாரிஸ் விட்டுக்கொடுத்தது 68-வது லேப்பில், மொத்தம் 70. இருபது லேப்புக்கு மேல் நடந்த அந்த இழுபறியை லைவில் துண்டு துண்டாகத்தான் கேட்டோம். ரீப்ளேயில் நாரிஸின் ஆன்போர்டைத் திறந்து, விளக்கு அணைந்து ரேஸ் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 63 நிமிடம் தாண்டுங்கள். கணக்கு இதுதான்: அந்த ரேஸில் ஒரு லேப்புக்குச் சராசரி 84 நொடி, 45 லேப்புக்கு 3,780 நொடி. பிட்டுக்குள் திரும்பும் இடத்தில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து அப்படியே ஓடவிட்டால் இன்ஜினியரின் குரல் எப்படி மாறுகிறது, நாரிஸ் எத்தனை முறை பதில் சொல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் கேட்கும். பதில் வராத அந்த இடைவெளிகளை முதன்மை ஒளிபரப்பில் கேட்கவே முடியாது.

எந்த ரேஸுக்கும் இந்தக் கணக்குப் போடலாம்: மொத்த நேரத்தை லேப் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி, அதை வேண்டிய லேப்பால் பெருக்கினால் தாண்ட வேண்டிய நிமிடம். சேஃப்டி கார் (விபத்தின்போது எல்லோரையும் மெதுவாக்க முன்னே ஓடும் கார்) வந்த ரேஸ் என்றால் முன்னே பின்னே இரண்டு மூன்று நிமிடம் தேட வேண்டியிருக்கும்.

முதன்மைக் காட்சியையும் ஒரு ஆன்போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மல்டிவியூவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எஃப்1 டிவி சந்தா உங்களிடம் இருக்க வேண்டும். அதே கணக்கில் உள்நுழைந்து வேண்டிய ஜன்னல்களைத் திறந்துகொள்ளலாம். ரீப்ளே ரசிகருக்கு இதன் பெரிய பலம் நேரப் பட்டியல். பழைய ரேஸைப் போட்டாலும் அந்த நிமிடத்தில் யாருக்கும் யாருக்கும் எத்தனை நொடி இடைவெளி, யார் எந்த டயரில் எத்தனை லேப் ஓடியிருக்கிறார் என்பது வீடியோவோடு சேர்ந்தே நகரும். சுமாரான லேப்டாப்பில் நாலு ஜன்னலுக்கு மேல் திறந்தால் விசிறி விமானம் மாதிரி இரையும். முதன்மைக் காட்சி, ஒரு ஆன்போர்டு, நேரப் பட்டியல் என்ற மூன்றோடு நிறுத்துங்கள். மென்பொருள் வேண்டாம் என்றால் பிரவுசரில் இரண்டு ஜன்னல் திறந்து, இரண்டிலும் ஐந்து சிவப்பு விளக்கும் அணையும் நொடியில் நிறுத்தி, ஒன்றாக ஓடவிடலாம். இடையில் ஒன்று பஃபர் ஆனால் ஓரிரு நொடி பிசகும், அதைக் கையால் சரிசெய்துகொள்ள வேண்டும். நண்பருக்கு வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் பண்ணலாம் என்று நினைக்காதீர்கள். காப்புரிமைப் பூட்டு காரணமாக அந்தப் பக்கம் கறுப்புத் திரைதான் போகும்.

எஃப்1 டிவியில் பழைய ரேஸ்களின் சேமிப்பும் இருக்கிறது. ரீப்ளேயின் அருமை தெரிய 2011 கனடாவைப் போடுங்கள்: 4 மணி 4 நிமிடம் 39 நொடி, எஃப்1 வரலாற்றிலேயே நீளமான ரேஸ். மழையால் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். இந்தியாவில் அதை லைவில் பார்த்தவர்கள் விடிகாலை இரண்டரைவரை முழித்திருந்தார்கள். ரீப்ளேயில் அந்த இரண்டு மணி நேரம் ஒரே தாவல். 2021 பெல்ஜியம் இன்னும் மோசம். மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்ததற்குக் கிடைத்தது சேஃப்டி காருக்குப் பின்னால் சில லேப்பும் பாதிப் புள்ளியும். அதை ரீப்ளேயிலும் பார்க்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் 2005 இண்டியானாபொலிஸைத் தேடட்டும். மிஷெலின் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய அந்த ரேஸில் நான்காவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். எஃப்1-இல் ஒரு இந்தியர் முதல்முதலாகப் புள்ளி வாங்கியது அன்றைக்குத்தான்.

மோட்டோஜிபி வீடியோபாஸ்

பைக் ரேஸ் ரீப்ளேக்கு ஏற்ற விளையாட்டு. ரேஸ் 40 முதல் 45 நிமிடம்தான், ரெட் ஃபிளாக் வராவிட்டால். 2023 முதல் ரேஸ் வார சனிக்கிழமைதோறும் ஸ்பிரிண்ட் என்ற குட்டி ரேஸும் உண்டு, அது அதில் பாதி தூரம். வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் கை கழுவுவதற்குள் ரேஸ் முடிந்துவிடும். சேமிப்பு 1992 வரை பின்னே போகிறது. ரோஸி, ஸ்டோனர் காலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு இடம் தேட வேண்டாம்.

குறை, மறுபடி வாசல்தான். வீடியோவும் செய்தியும் ஒரே தளத்தில் இருப்பதால் உள்நுழையும் பக்கமே முடிவைச் சொல்லிவிடும் ஆபத்து அதிகம். புக்மார்க் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். ஸ்பிரிண்டையும் ரேஸையும் இரண்டையுமே ரீப்ளேயில் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஞாயிறு ரேஸின் முன்னோட்டத்திலேயே சனிக்கிழமை ஸ்பிரிண்டில் ஜெயித்தவரைச் சொல்லிவிடுவார்கள். வரிசை மாற்றாமல் பாருங்கள்.

யூடியூப்: இலவசம், ஆனால் நெடுந்தூரம்

எஃப்1-இன் அதிகாரபூர்வ சேனலில் சில நிமிட ஹைலைட்ஸ் வரும். ரேஸ் பார்க்க நேரமே இல்லாத வாரத்துக்கு அது சரி. ஆனால் உத்தி எதுவும் புரியாது. பிட் லேனுக்குள் போய்வர இருபது நொடிக்கு மேல் செலவாகும் விளையாட்டில், அந்த இருபது நொடியை ஒருவர் எப்படிச் சேர்த்தார் என்பது ஹைலைட்ஸில் வெட்டப்படுகிற முதல் பகுதி.

யூடியூபின் உண்மையான சொத்து எண்டூரன்ஸ் ரேஸ்கள், அதாவது பல மணி நேரம் ஓடும் நெடுந்தூர ரேஸ்கள். ஜிடி வேர்ல்டு சேனலில் வரும் ஸ்பா 24 மணி நேரம், தத்தம் சேனல்களில் வரும் நூர்பர்கிரிங் 24 மணி நேரம், கிரெவென்டிக் நிறுவனம் நடத்தும் 24எச் சீரிஸ் எல்லாம் காசில்லாமல் லைவாக வந்து, அப்படியே சேமிப்பில் தங்கிவிடுகின்றன. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் (போர்ஷே 991 கார்களுக்கானது) மூன்றாமிடம் வந்தபோது, அதுவரை எண்டூரன்ஸ் என்ற சொல்லையே கேட்டிராத தமிழ் ரசிகர்கள் வந்து சேர்ந்தது இந்த 24எச் சீரிஸ் பக்கம்தான். வந்தவர்களில் பலர் குழம்பியதும் உண்மை: ஒரே வீடியோவாக ஏன் இல்லை? யூடியூப் 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட லைவை முழுதாகச் சேமிக்காது. அதனால் ஒளிபரப்புபவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துவிடுகிறார்கள். முதல் பகுதி முடிந்ததும் ஆட்டோப்ளே அடுத்த பகுதியைத்தான் போடும் என்று நம்ப வேண்டாம், ஹைலைட்ஸைப் போட்டுவிடும். ஆட்டோப்ளேயை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

24 மணி நேரத்தை யாரும் முழுதாகப் பார்க்கப் போவதில்லை. முதல் ஒரு மணி நேரம், இருட்டத் தொடங்கும் நேரம், விடியல், கடைசி இரண்டு மணி நேரம். இவற்றைச் சாதாரண வேகத்திலும் மிச்சத்தை ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு வேகத்திலும் ஓடவிட்டால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். 24எச் சீரிஸில் விபத்து நடந்தால் கோட் 60 என்று அறிவிப்பார்கள்: தடம் முழுக்க எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஊர்ந்து போக வேண்டும், ஊதா நிறத்தில் கொடி காட்டுவார்கள். அந்த நிறத்தைத் திரையில் பார்த்ததும் பத்துப் பத்து நொடியாகத் தாவுங்கள். ஆனால் பிட் லேனைக் காட்டினால் நிறுத்திப் பாருங்கள். எல்லோரும் மெதுவாக ஊரும்போது பெட்ரோல் போட்டுக்கொள்பவர் இழக்கும் நேரம் குறைவு. ரேஸ் புரண்டுபோவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். உங்களுக்குப் பிடித்த கார் கீழ்ப் பிரிவில் ஓடினால் கேமரா அதைத் தேடிப் போகாது. திரையோரம் ஓடும் பட்டியலில் அதன் எண்ணைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

படமும் டேட்டாவும்

எஃப்1 படம் நொடிக்கு 50 ஃபிரேம். பெரும்பாலான டிவி ஸ்டிக்குகளும் மானிட்டர்களும் 60 ஹெர்ட்ஸில் நிற்கும். பொருந்தாததால், கேமரா காரைப் பின்தொடர்ந்து திரும்பும்போது படம் லேசாக உதறும். நெட் மெதுவோ என்று ரவுட்டரைத் திட்டுவார்கள், ரவுட்டர் மீது குற்றமில்லை. ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி இரண்டிலும் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட்டை மேட்ச் செய்யும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் ஆதரிக்கிற ஆப்களில் உதறல் போய்விடும். கணினியில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 50 ஹெர்ட்ஸ் கிடைத்தால் ரேஸ் நேரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டேட்டாக் கணக்கும் எளிது. 1080பி-க்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மணி நேரம் பார்த்தால் 7 ஜிபியைத் தொடும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் ஃபார்மேஷன் லேப் (ரேஸுக்கு முந்தைய சுற்று) தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். போனில் பார்ப்பவர்கள் 480பி போதும் என்று வைத்துக்கொள்ளலாம், சின்னத் திரையில் அவ்வளவாகத் தெரியாது. நேரப் பட்டியலின் எழுத்துகள்தான் மங்கும்.

கடைசியாக, சேவை என்ன செய்தாலும் போன் காட்டிக்கொடுத்துவிடும். சனிக்கிழமை தகுதிச்சுற்றுக்கு முன்பே செய்ய வேண்டியவை இவை. எஃப்1 ஆப், செய்தி ஆப், ஃபேன்டசி ஆப் மூன்றின் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். ரேஸ் குரூப்களை வாட்ஸ்அப்பில் ஆர்கைவில் தள்ளுங்கள், மியூட் மட்டும் செய்தால் சாட் பட்டியலில் கடைசி வரி தெரியும், அந்த ஒரு வரியில் "மேக்ஸ்டா!" என்று இருந்தால் போதும், எல்லாம் போச்சு. குரோமில் புது டேப் திறந்தால் கீழே வரும் செய்திப் பட்டியலை அணைத்துவிடுங்கள். கூகுளில் எஃப்1 என்று தட்டவே தட்டாதீர்கள். ரீப்ளே எங்கே என்று தேடினால்கூட முதலில் வருவது முடிவு அட்டை. அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் ரேஸ் ரசிகர் என்றால் அவரிடம் ஞாயிற்றுக்கிழமையே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். "நேத்து ரேஸ் பாத்தியா?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் இருக்கும் சிரிப்பே ஃபெராரி ஜெயித்ததா இல்லையா என்று சொல்லிவிடும்.